சொன்னதை அப்படியே சொன்னவர்

அவரைப் பெயர் சொல்லி நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை. கூடப்பிறக்காவிட்டாலும் எனக்கு அவர் அக்கா. பிறவியிலேயே காது கேளாத என் தம்பிக்கு அவர் கன்னத்தில் இழுத்த ஒரு விரல். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பொம்மைகளுக்குப் பிசிறு நீக்கும் வேலை பார்த்தார். அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் பொம்மையின் ஓரங்களைச் சிறு கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வைக்க வேண்டும். நெற்றியில் விழும் முடியைப் புறங்கையால் ஒதுக்கி ஒதுக்கி அவர் கன்னத்தில் எப்போதும் வெள்ளை மண் ஒரு கோடாக ஒட்டியிருக்கும். அந்தக் கோட்டைத்தான் தம்பி பெயராக வைத்தான். எஸ்டேட்டைச் சுற்றியிருந்த காது கேளாதவர்கள் எல்லோருக்கும் அதுவே அவர் பெயராகிவிட்டது.

நானும் அதே கம்பெனிதான். மற்றப் பெண்களோடு சேர்ந்து, மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டர்களுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் பேக்கிங் வேலை. தம்பி சூளை வண்டியில் சரக்கு ஏற்றுபவன். நல்ல வேலைக்காரன் என்று பெயர் வாங்கியவன், குடிக்க ஆரம்பிக்கும் வரை.

அக்காவை நான் சரியாகக் கவனித்தது ஒரு திங்கட்கிழமை. தம்பி காலையிலேயே குடித்துவிட்டு வந்திருந்தான். கை நடுங்கியதில் ஒரு தட்டு சரக்கு கீழே விழுந்து நொறுங்கியது. முதலாளி வந்து பார்த்தார். தம்பியின் முகத்துக்கு நேராகவே, கோபத்தை முகத்தில் காட்டாமல், மேஸ்திரியிடம் சொன்னார்:

"இந்த ஊமப்பய இன்னைக்கும் போட்டுட்டு வந்திருக்கான். என்னைக்காவது சூளையில போயி விழுந்து நம்மள ஜெயிலுக்கு அனுப்பிடுவான். இந்த வாரத்தோட நிறுத்திடுங்க."

தம்பி அவர் வாயையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். முதலாளி ஏதோ சாதாரணமாகப் பேசுகிறார் என்றுதான் நினைத்திருப்பான். அப்போது அக்கா கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். தம்பிக்கு எதிரே நின்று, முதலாளி சொன்னதை ஒரு சொல் விடாமல் கைகளால் சொன்னார். அந்த ஊமை என்ற சொல்லையும்கூட.

முதலாளி திடுக்கிட்டார். "என்னாம்மா சொன்ன அவன்கிட்ட?"

"நீங்க சொன்னதத்தாங்க. அவனப் பத்தித்தானே சொன்னீங்க."

தம்பியின் கைகள் அசைந்தன. அக்கா முதலாளி பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: "நான் குடிச்சிட்டு வந்தது நெஜம்தான். தட்ட ஒடச்சது நான்தான். ஆனா ஊமன்னு சொல்லாதீங்க. மூணு ஆளு ஏத்தற சரக்க எனக்கு ஒத்தையில ஏத்தத் தெரியும்."

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், 'நான் குடிச்சிட்டு வந்தேன்' என்று முதலாளியின் கண்ணைப் பார்த்துச் சொன்னதும் பேக்கிங் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவர் மற்றவர் குரலாகப் பேசும்போது அப்படித்தான் பேசுவார். 'அவன் சொல்றான்' என்று ஒருநாளும் சொல்லமாட்டார். 'நான்' என்றுதான் வரும்.

முதலாளி நொறுங்கிக் கிடந்ததைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு, அன்றுதான் முதல்முறையாக, தம்பியைப் பார்த்துப் பேசினார். "குடிய விட்டுட்டு வா. வேல இருக்கும். குடிய விடாம வந்தா வாசல்ல நிறுத்திடுவேன்."

அதையும் அக்கா சொன்னார். தம்பி தலையாட்டினான்.

காது கேளாதவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவருக்கு எதிரே பேசப்படும் எதுவும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அக்காவின் குணத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் மாமியார் கதை பேசுவார்கள். சின்ன வெங்காயம் விற்கிற விலையைப் பேசுவார்கள். எல்லாம் அவர் கை வழியாகத் தம்பிக்குப் போகும். சோற்றைப் பிசைந்த கையைக் கழுவாமல் இடது கையாலேயே சொல்லிக்கொண்டிருப்பார்.

"முக்கியமானத மட்டும் சொன்னா போதாதாக்கா? சோறு ஆறுது பாருங்க" என்றேன் ஒரு தடவை.

"எது முக்கியம்னு நான் யாரு சொல்றதுக்கு? வெங்காய வெல அவனுக்குத் தேவப்படாதா?" என்றார்.

இதனால் சிலருக்கு அவரிடம் ஒரு பயமும் இருந்தது. அவர் இருக்கும் இடத்தில் தம்பியைப் பற்றிப் பேச யோசிப்பார்கள். ஒதுக்கமாகப் போய்ப் பேசுவார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

முதலாளி சொன்னதற்குப் பிறகு நான் தம்பியைச் சேர்க்க இடம் தேட ஆரம்பித்தேன். குடியை நிறுத்த எத்தனையோ இடங்கள் இருக்கின்றன என்றுதான் நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு சுவரில் எழுதியிருந்த ஒரு நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பண்பாகப் பேசினார். குடிப்பவரிடமே போனைக் கொடுக்கச் சொன்னார். அவர் வாயால் 'எனக்கு விருப்பம்' என்று கேட்டால்தான் சேர்த்துக்கொள்வார்களாம்.

"அவனுக்குக் காது கேக்காதுங்க. பேச்சும் வராது."

"அப்படின்னா கஷ்டங்க. எங்களோடது முழுக்க கவுன்சிலிங்தான். கேக்கறதுதான் மருந்தே. அவரு எப்படிக் கேப்பாரு?"

இன்னொரு மையம் அவனைச் சேர்த்துக்கொண்டது. பணம் கட்டி விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்தவனிடம் அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். எங்கள் வீட்டில் எங்களுக்குத் தெரிந்த சைகைகள் கொஞ்சம்தான்: சாப்பாடு, தூக்கம், வேலை, அம்மா, போ, வா. அதை வைத்துக்கொண்டு அவன் சொன்னது இவ்வளவுதான். எல்லோரும் உட்கார்ந்தார்கள், ஒருவர் பேசினார், எல்லோரும் அழுதார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். ஏன் அழுதார்கள் என்று அவனுக்குத் தெரியாது. கூப்பிட்டபோது வரவில்லை என்று ஒருவர் முதுகில் அடித்தாராம். அன்று சாயங்காலமே கடைக்குப் போய்விட்டான்.

அவன் குடித்திருப்பதை வாசனை பிடிக்காமலே தெரிந்துகொள்ளலாம். மற்றவர்களுக்குக் குடித்தால் நாக்கு குழறும். அவனுக்குக் கை குழறும். விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று இடறி, பாதிச் சொல்லில் நின்றுவிடும். அம்மா அதைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கத்தியை ஸ்பாஞ்சில் துடைத்தபடி கேட்டார்: "அங்க எல்லாம் அவன்கிட்ட யாரு பேசுனாங்க?"

"யாரும் பேசலீங்க."

"அப்ப அவன் இன்னும் வைத்தியத்துக்கே போகல. எடம்தான் மாத்தி இருந்துட்டு வந்திருக்கான். வா, நான் வரேன்."

பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் குடிநோய்க்கென்று தனி வார்டு இருந்தது. அங்கே ஒரு பெண் டாக்டர். சின்ன வயது. அன்றைக்கு வெளியில் பெரிய கூட்டம். அவசரமாக நிமிர்ந்து, அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "எவ்வளவு நாளா குடிக்கிறாருன்னு அவர்கிட்ட கேளுங்க."

அக்கா அதை அப்படியே தம்பியிடம் சொன்னார்: எவ்வளவு நாளாகக் குடிக்கிறார் என்று அவரிடம் கேளுங்கள். தம்பி குழம்பி, சுற்றுமுற்றும் பார்த்து, 'யாரிடம்?' என்று கேட்டான். "யாருகிட்ட கேக்கணும்?" என்று அக்கா டாக்டரிடம் சொன்னார்.

டாக்டருக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார்.

"டாக்டரம்மா, நீங்க நேரா அவனப் பாத்து கேளுங்க. நான் இங்க இல்லன்னு நெனச்சுக்குங்க. அப்புறம், உங்க பின்னால ஜன்னல் இருக்குது. வெளிச்சத்துல உங்க மூஞ்சி இருட்டாத் தெரியுது அவனுக்கு. நாற்காலிய இப்படித் திருப்பிப் போட்டுக்கறீங்களா?"

டாக்டர் எழுந்து தானே நாற்காலியைத் திருப்பிப் போட்டார். தம்பியின் கண்ணைப் பார்த்து, "எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?" என்றார். ஒரு டாக்டர் தன்னைப் பார்த்துக் கேட்டது அவனுக்கு அதுதான் முதல் தடவை. காய்ச்சலுக்குப் போனால்கூட எங்களைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னதை நான் பார்த்தேன்.

வார்டில் சேர்த்த முதல் சில நாட்கள் மோசமானவை. குடியை நிறுத்தியதும் உடம்பு தூக்கிப் போடும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு மத்தியானம் நானும் அக்காவும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனோம். தம்பியின் இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். அவன் கழுத்து நரம்பு புடைக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா சாப்பாட்டுப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு நேராக நர்ஸிடம் போனார்.

"சிஸ்டர், அவன் வாயக் கட்டி வச்சிருக்கீங்க."

"வாயக் கட்டலியேம்மா. கையத்தான் கட்டியிருக்கு. குளுக்கோஸ் ஊசியப் பிடுங்கிப் போட்டுடறாரு. கட்டில விட்டுக் குதிக்கறாரு. நான் ஒருத்தி இந்த வார்டு பூரா பாக்கணும்."

"நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா அவனுக்கு அதான் வாயி. ஒரு கைய மட்டும் அவுத்து விடுங்க. ஊசி போட்ட கை அப்படியே இருக்கட்டும். நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேன்."

நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்தார். பிறகு அவரே வந்து வலது கையின் கட்டை அவிழ்த்தார். தம்பி அக்காவை அடிப்பான் என்று நான் பயந்தேன். அவன் அடிக்கவில்லை. கட்டை விரலை வாயருகே கொண்டுபோனான். திரும்பத் திரும்ப அதையே செய்தான்.

"இதத்தான் காலைல இருந்து காட்டறாரு. சரக்கு வேணும்னு கேக்கறாரு" என்றார் நர்ஸ்.

"இல்லீங்க சிஸ்டர். சரக்குன்னா அவனுக்கு வேற சைகை. இது குடிக்கற தண்ணி. தாகமா இருக்குதாம்."

நர்ஸ் போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். தலையைத் தாங்கிப் பிடித்து அவரே புகட்டினார். இரண்டாவது டம்ளரும் குடித்தான். பிறகு அடங்கிப் படுத்தான். அன்று மாலை டியூட்டி முடிந்தும் நர்ஸ் வீட்டுக்குப் போகாமல் அக்காவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர், வலி, பயமாக இருக்கிறது, பாத்ரூம், டாக்டர் வருவார். ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்து பழகினார். இரவில் விளக்கை அணைத்தால் அவனோடு யாரும் பேச முடியாது என்று அக்கா சொன்னதும், அவன் கட்டிலுக்கு மேலே இருந்த விளக்கை எரியவிடச் சொல்லி அடுத்த நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார்.

உடம்பு தேறியதும் கவுன்சிலிங் தொடங்கியது. டாக்டரும் தம்பியும் அக்காவும் மட்டும் ஓர் அறையில் உட்கார்வார்கள். நான் வெளியே பெஞ்சில் காத்திருப்பேன். முதல் நாள் அக்கா வெளியே வந்ததும் ஆவலாகக் கேட்டேன்: "என்னாக்கா சொன்னான்?"

"அத நான் சொல்லமாட்டேன்."

எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்கிறவர் அவர். எனக்குக் கோபமாக வந்தது. "நான் அவன் கூடப்பிறந்தவங்க."

"அவன் டாக்டர்கிட்ட சொன்னான். உன்கிட்ட சொல்லல. உன்கிட்ட சொல்லணும்னா உன் எதிர்ல சொல்லுவான், அப்ப சொல்றேன். இல்லன்னா நீயே கேளு. உனக்கும் கை இருக்குதில்ல?"

அந்தக் கோபத்தோடுதான் நான் சைகை கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக. நான் தப்பாகச் செய்தால் புருவத்தைச் சுருக்கி, "இப்ப நீ உன் மாமியாரக் கல்யாணம் பண்ணிக்கறேன்னு சொல்லியிருக்க" என்பார்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் எங்கள் அம்மாவை அழைத்து வரச் சொன்னார். குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். அம்மா வரமாட்டேன் என்று அடம் பிடித்தார். கடைசியில் வந்தார். டாக்டருக்குப் பக்கத்தில் அக்கா, எதிரே தம்பி, இந்தப் பக்கம் நானும் அம்மாவும்.

டாக்டர் முதல் கேள்வி கேட்டதுமே அம்மா உடைந்துவிட்டார். "என்னாத்தம்மா சொல்றது? இவன் பொறந்தப்பவே போயிச் சேர்ந்திருந்தான்னா எனக்கு இந்த நெலம வந்திருக்காது."

அக்காவின் கை எழும்பியது. நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "வேணாங்கக்கா. இத மட்டும் சொல்லாதீங்க."

அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். கோபமில்லாமல்தான். "அவன் எதிர்லதானேம்மா சொல்றாங்க. அவன் மூஞ்சியப் பாரு. ஏதோ சொல்லிட்டாங்கன்னு தெரிஞ்சிடுச்சி. என்னான்னு தெரியாம இருக்கறது அதவிட மோசம்."

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் தடுக்கவில்லை. அக்கா சொன்னார். அம்மா சொன்ன சொற்களை மட்டுமல்ல, அம்மாவின் அழுகையையும் தன் முகத்தில் கொண்டுவந்து சொன்னார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தான் சொன்னது மகனுக்குப் போகும் என்று அவர் நினைத்திருக்கவே இல்லை. எத்தனையோ வருடங்களாக அவன் எதிரே எத்தனையோ சொல்லியிருக்கிறார், ஒன்றும் போனதில்லை.

தம்பியின் கைகள் எழுந்தன. குழறாத கைகள். அக்கா அவன் குரலானார்:

"அம்மா, நான் பொறந்தப்ப போகல. அப்பாதான் போனாரு. அன்னைக்கு நான் கம்பெனியில இருந்தேன். பக்கத்து வூட்டுக்காரரு வந்து வண்டியில ஏத்திகிட்டு வந்தாரு. நம்ம வாசல்ல சாமியானா போட்டிருந்தாங்க. ஏதோ விசேஷம்னு நெனச்சி சட்டைய உள்ள விட்டுகிட்டு எறங்குனேன். கிட்ட போயித்தான் அப்பாவப் பாத்தேன். எப்படிச் செத்தாரு? இன்னை வரைக்கும் யாரும் எங்கிட்ட சொல்லல. எல்லாரும் பேசிகிட்டாங்க, எல்லாரும் அழுதாங்க. நானும் அழுதேன். எதுக்கு செத்தாருன்னு தெரியாமலே அழுதேன்."

அம்மா மெதுவாக எழுந்து நாற்காலியை இழுத்துத் தம்பியின் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

"திட்டக்குடி போறதுக்கு பஸ் ஸ்டாண்டுல நின்னுகிட்டு இருந்தோம்டா. நெஞ்ச அடைக்குதுன்னாரு. டீ குடிச்சா சரியாப் போயிடும்னாரு. பெஞ்சில உக்கார வச்சேன். பையன் வேலைக்குப் போயிட்டானான்னு கேட்டாரு. போயிட்டான்னு சொன்னேன். காலைல அவன் சாப்புடாமப் போறான், நீ கவனிக்கறதே இல்லன்னு திட்டுனாரு. அதான் கடைசியா பேசுனது. உன்னப் பத்தித்தான்டா."

அக்காவின் கன்னத்தில் அன்று மண் இல்லை, கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கை மட்டும் நிற்கவில்லை. அம்மா சொல்லி முடித்ததும் தம்பி எழுந்து அம்மாவின் மடியில் தலையை வைத்தான். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்காவிடம் கேட்டேன், அம்மா இதற்கெல்லாம் மனம் மாறாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. வெளியே கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பெண்ணாடம் மில்லுக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்த்தபடி சொன்னார்.

"எங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் கேக்காது. நான்தான் அவங்களுக்குக் காது. அம்மாவுக்கு வயித்துல கட்டி வந்துது. டாக்டரு எங்கிட்டதான் சொன்னாரு, பொழைக்க மாட்டாங்கன்னு. அம்மாகிட்ட சொல்லிடாத, பயந்துடுவாங்கன்னு மாமா சொன்னாரு. நானும் ஒண்ணும் இல்ல, சரியாப் போயிடும்னு கையக் காட்டிட்டேன். அம்மா கண்ண மூடற வரைக்கும் என் மூஞ்சியவே பாத்துகிட்டு இருந்தாங்க. பொய்யின்னு தெரிஞ்சிடுச்சி அவங்களுக்கு. உண்மையச் சொல்லியிருந்தா, எங்கிட்ட எதையாச்சும் சொல்லிட்டுப் போயிருப்பாங்க. என்னா சொல்லியிருப்பாங்கன்னு இன்னைக்கும் யோசிக்கறேன்."

 

வார்டில் வாரம் ஒருமுறை குடிநோயாளிகள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். தம்பியை அதில் சேர்க்க அக்கா ஒரே ஒரு விஷயம் கேட்டார். பேசுகிறவர் முதலில் கையைத் தூக்க வேண்டும். அவர் முடிக்கும் வரை மற்றவர் பேசக்கூடாது. இல்லாவிட்டால் யார் பேசுகிறார் என்று அவனுக்குத் தெரியாது. முதலில் முனகினார்கள். கம்மாபுரம் பக்கத்து விவசாயி ஒருவர், நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறிடம் போய்க் குடியில் விழுந்தவர், அன்று முதல்முறையாகத் தன் கதையைக் கடைசி வரை சொன்னாராம். "இதுக்கு முன்னாடி பாதியிலயே எவனாச்சும் குறுக்க பூந்துடுவான்" என்றாராம்.

அதே கூட்டத்தில் தம்பியிடம், நீ ஏன் குடிக்கக் கடைக்குப் போனாய் என்று கேட்டார்கள். அவன் சொன்னதை அந்த விவசாயியே பிறகு எனக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். "அங்கதான் எனக்கு எல்லாரும் சமமா இருந்தாங்க. ரெண்டு ரவுண்டு போனதும் எல்லாருமே கையாலதான் பேசுவானுங்க. ஒருத்தன் சொல்றதும் இன்னொருத்தனுக்குப் புரியாது." அறையே சிரித்ததாம். சிரித்து முடித்ததும் ஒருவர் பின் ஒருவராக அமைதியாகிவிட்டார்களாம்.

எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. வேலைக்குத் திரும்பி, சூளை வண்டியில் மறுபடி சரக்கு ஏற்ற ஆரம்பித்த பிறகு, ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் யாரோ வற்புறுத்திக் கொடுத்ததைக் குடித்துவிட்டான். மண்டபத்துக்குப் பின்னாலிருந்து அக்காவுக்கு அவனே வீடியோ கால் செய்தான். அக்கா அப்போது வேலையில் இருந்தார், நான் பக்கத்தில். திரையில் அவன் விரல்கள் குழறின. 'குடித்துவிட்டேன்' என்று சொல்ல மூன்று தடவை முயன்றான்.

அக்கா திட்டவில்லை. போனைப் பொம்மைகளுக்கு நடுவே சாய்த்து நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் கேட்டார்: எங்கே இருக்கிறாய், இன்னும் குடிக்கப் போகிறாயா, நாளைக்கு டாக்டரிடம் போகலாமா? அவன் 'போகலாம்' என்றான். மறுநாள் போனார்கள். ஒருமுறை வழுக்குவது உண்டு, நீங்களே கூப்பிட்டுச் சொன்னதுதான் பெரிய விஷயம் என்று டாக்டர் அவனிடம் சொன்னாராம். இதை எனக்குச் சொன்னது அக்கா இல்லை. தம்பிதான், தன் கையால். எனக்கு முழுவதும் புரிந்தது.

அதன் பிறகு அவன் குடிக்கவில்லை. அவன் வழியாகக் காது கேளாதவர்களிடையே செய்தி பரவியது. பெண்ணாடம் மில்லில் மூட்டை தூக்கும் ஒருவர் வந்தார், திட்டக்குடியில் தையற்கடை வைத்திருந்த ஒருவர் வந்தார். போன் செய்து கேட்க முடியாதவர்களுக்காக டாக்டர் வாட்ஸப் நம்பர் ஒன்று வைத்தார். எழுதத் தெரியாதவர்கள் அதில் வீடியோ எடுத்து அனுப்பினார்கள். வார்டில் கவுன்சிலிங் கொடுப்பவர் ஒருவர் சைகை படிக்கப் போனார். காது கேளாதவர்களுக்கென்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கினார்கள். அந்த நாளில் தம்பி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் போய்விடுவான். புதிதாக வந்து பயந்து உட்கார்ந்திருப்பவரின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலில் தன் கதையைச் சொல்வான். முதலாளிகூட அந்த லீவுக்கு ஒன்றும் சொல்வதில்லை.

அக்காவுக்கு மண் தூசி ஒத்துக்கொள்ளாமல் போனது. இருமல் விடவில்லை. சேலத்தில் இருந்த மகள் வந்து தன்னோடு அழைத்துக்கொண்டாள். கவுன்சிலிங் கொடுப்பவர் இருக்கிறார், தம்பி இருக்கிறான், நீயும் இருக்கிறாய், இனி நான் எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அதில் வருத்தம் இல்லை. ஒரு வேலை முடிந்த நிறைவு இருந்தது.

விருத்தாசலம் ஜங்ஷனுக்கு வழியனுப்பப் போனோம். கம்பெனிப் பெண்கள், மேஸ்திரி, அம்மா, பெண்ணாடத்துக்காரர் என்று ஒரு கூட்டமே நின்றது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக் கத்தி விடைகொடுத்தார்கள். "ஒடம்பப் பாத்துக்குங்கக்கா." "போயிட்டு போன் பண்ணுங்க." ரயில் ஊதியது, நகர்ந்தது. எங்கள் குரல்கள் சக்கரச் சத்தத்தில் அடிபட்டுப் போயின. தம்பி மட்டும் கூடவே நடந்துகொண்டு கைகளால் பேசிக்கொண்டிருந்தான். அவரும் ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்கு எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். அக்கா அதைக் காதில் வாங்கிக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, பெரியவரைச் சுட்டிக் காட்டி, முகம் மாறாமல், அதைத் தம்பிக்குச் சொன்னார். நானும் படித்தேன்: 'பாவம், லட்சணமான பொம்பள, இப்படி ஊமையாப் பொறந்துட்டாளே.'

தம்பி பிளாட்பாரத்தில் நின்று சிரித்தான். அவன் சிரிப்பு எப்போதும் பெரிய சத்தமாக வரும். போர்ட்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே கையைத் தலைக்குமேல் உயர்த்தி, தூரத்துக்கும் தெரியும்படி பெரிது பெரிதாகப் பதில் சொன்னான்: 'பாவப்படாதீங்க. இவங்க பேச ஆரம்பிச்சா நீங்க தாங்கமாட்டீங்கன்னு அவர்கிட்ட சொல்லுங்க.'

ரயில் வேகம் எடுத்திருந்தது. அக்கா அந்தப் பெரியவரின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தது தெரிந்தது. பெரியவர் இருக்கையை விட்டுப் பாதி எழுந்துவிட்டார்.